எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது

ரொம்ப நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி எழுதிவிட்டு அழித்திருக்கிறேன். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு அம்மா என் மனைவியிடம், "ஏழு வயசாகுதுக்கா, இப்ப போய் ராத்திரி படுக்கையிலயே போயிருதான், அவ்வளவு தண்ணி குடிக்கான்" என்று தன் பையனைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கையிலிருந்த காபியை வைத்துவிட்டு, உள்ளே போய் என் மகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டரை எடுத்து வந்து, அந்தப் பையன் விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. 96. அவனுக்கு ஒன்றும் இல்லை. நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அவன் அம்மாவுக்குப் புரியவில்லை, திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. போன வருடம் மே மாதம். கோவில்பட்டியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, கத்திரி வெயிலில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும், மனிதர்கள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள். அவளும் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். ராத்திரி நாலு தடவை எழுந்து போனாள். அவ்வளவு தண்ணீர் குடித்தால் போகத்தானே செய்யும் என்றோம். எட்டயபுரம் பக்கத்தில் என் அம்மா இருக்கிற கிராமத்தில் பத்து நாள் விட்டிருந்தோம், திரும்பி வந்தவள் மெலிந்திருந்தாள். ஓடியாடி விளையாடியிருக்கிறாள், போதாக்குறைக்கு உயரமாகிறாள், வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்றோம். மதியமெல்லாம் படுத்தே கிடந்தாள். லீவு முடிகிற சோம்பல். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது, என் மனைவி ஊக்கு குத்திவிட்டாள். அந்த ஊக்கை இரண்டு வாரத்தில் இரண்டு தடவை உள்ளே தள்ளிக் குத்தினாள், அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் திரும்பி, படுக்கை நனைய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பாயைக் காயப்போட்டுக்கொண்டே, "மூணாங்கிளாஸ் போகப்போற, வெக்கமா இல்ல?" என்று நான் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இன்றைக்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு அந்த முதுகுதான் தெரிகிறது.

என் அம்மா மட்டும் ஒரு தடவை சொன்னாள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அன்று, வாசல்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி மெதுவாகக் கேட்டாள்: "ஏய்யா, பிள்ளை ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கு. பாத்தியா?" எனக்கு எரிச்சல் வந்தது. கிராமத்தில் எறும்பு எங்கேதான் இல்லை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். எங்களிடம்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்ததே.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தபோது வாந்தி ஆரம்பித்தது, வயிற்று வலி வேறு. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, சூடு என்று சொல்லி வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சார், பிள்ளை ரொம்பச் சோந்து போயிட்டா, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திருங்க" என்று நான்தான் கேட்டேன். எங்கள் ஊரில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்பது வேதவாக்கு. அவர்களும் ஏற்றினார்கள். விரலில் ஒரு குத்து குத்திச் சர்க்கரை பார்த்திருந்தால் ஐந்து விநாடியில் தெரிந்திருக்கும். எட்டு வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரை இருக்கும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி அவள் மூச்சு மாறியது. படுத்திருக்கிறாள், அசையவில்லை, ஆனால் ரொம்ப தூரம் ஓடி வந்து நின்ற பிள்ளை மாதிரி ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறாள். சளியும் இல்லை, இருமலும் இல்லை. முகத்தருகே குனிந்தால் கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வந்தது. என் மனைவி அதை நெயில் பாலிஷ் வாடை என்றாள். அதிகாலை நாலு மணிக்கு வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வருவதற்கு முன்னால் டூட்டியில் இருந்த நர்ஸ் ஒருவர் அவள் முகத்தருகே குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து, "ரொம்பத் தண்ணி குடிச்சாளா? எத்தனை நாளா?" என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை, மீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினார். எண் வரவில்லை. எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. 600-க்கு மேல் போனால் அந்த மீட்டரால் எண் சொல்ல முடியாது, அதனால் அந்த இரண்டு எழுத்தைக் காட்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த நர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு மோசம் என்று புரிந்துகொண்டேன். அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை, இப்போதும் கோயிலுக்குப் போனால் அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

108 வந்தது, திருநெல்வேலிக்கு. ஒரு மணி நேரப் பாதைதான். என் மனைவி பிள்ளையின் தலையை மடியில் வைத்திருந்தாள், நான் காலடியில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கயத்தாறு தாண்டும்போது காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. ஒரு நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மூச்சு. கங்கைகொண்டான் பக்கம் வரும்போது நாற்பத்தைந்து. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

டைப் 1 நீரிழிவு, அது முற்றி வருகிற கீட்டோ அசிடோசிஸ் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட்டிருக்கிறது. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் செல்லுக்குள் போகாது. அதாவது சர்க்கரைக்கு நடுவிலேயே உடம்பு பட்டினி கிடக்கும். பட்டினிக்குக் கொழுப்பை எரிக்கும், அதிலிருந்து கீட்டோன் என்கிற அமிலம் வரும், அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் அந்த மூச்சு. ரத்தத்தில் அமிலம் ஏற ஏறக் குறைகிற பிஎச் என்கிற எண் 7.35-க்குக் கீழே போகக் கூடாதாம், இவளுக்கு 7.05 இருந்தது. பள்ளிக்கூடத்தில் மார்ச் மாதம் எழுதிய எடை 25 கிலோ. ஐ.சி.யூ. தராசில் இருபதரை.

அந்த முதல் நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது ஊசிகள் இல்லை, தண்ணீர். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடந்தது, உதட்டில் தோல் உரிந்திருந்தது. கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, ஒரு மடக்கு." மூன்று வாரமாகச் சொம்பு சொம்பாகக் கொடுத்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு மடக்குக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொன்னார்கள். ஒற்றினேன். அவள் அந்தப் பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் இழுக்க, அவள் விடாமல் உறிஞ்ச, கடைசியில் நர்ஸ் வந்து மெதுவாக வாயைத் திறந்து எடுத்தார்.

சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு வேகமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும் அபாயம் இருக்கிறது, மணிக்கு நூறு புள்ளிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மணிக்கொரு தரம் விரலில் குத்து, கண்ணில் டார்ச், "உன் பேர் என்னம்மா?" என்று ஒரு கேள்வி. அவள் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் சேர்ந்து மூச்சு விட்டோம். 300-க்குக் கீழே வந்ததும் ஒரு பாட்டில் கொண்டுவந்து மாட்டினார்கள், பார்த்தால் குளுக்கோஸ். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அமிலம் போகும் வரை இன்சுலின் நிற்காமல் ஓட வேண்டும், அது ஓடும்போது சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடாமல் இருக்கத்தான் இது என்று, நின்று நிதானமாகச் சொன்னார். நீங்கள் கொடுத்த குளுக்கோஸில் இன்சுலின் இல்லை, இதில் பக்கத்திலேயே இன்சுலின் போகிறது, அதுதான் வித்தியாசம் என்றார். என் குற்ற உணர்வை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்திருந்தார்.

வெளி வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் அதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். ஆறு வயது. அவளுக்குப் பத்து. ஒரு கோடையில் தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, துரும்பாக இளைத்து, கடைசி நாள் மூச்சு வாங்கியிருக்கிறான். பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு போட்டிருக்கிறார்கள். "அவன் போன எடத்துலயும் எறும்பு மொய்ச்சிச்சிய்யா. எனக்கு அது நாபகம் வந்துச்சு, வாயில வச்சுச் சொல்லப் பயமா இருந்துச்சு" என்றாள். அது இதே நோய்தானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எறும்பைச் சொல்ல அவள் எவ்வளவு தைரியத்தைத் திரட்டியிருப்பாள், நான் அதை எப்படித் தட்டிவிட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். இன்சுலினை முதன்முதலில் ஒரு மனித உடம்பில் போட்டது 1922 ஜனவரி 11, கனடாவில் டொரண்டோவில். லியோனார்ட் தாம்சன் என்று 14 வயசுப் பையன், முப்பது கிலோகூட இல்லை. முதல் ஊசி சரிப்படவில்லை, மருந்து சுத்தமாக இல்லாமல் ஒவ்வாமை வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்திகரித்துத் திரும்பப் போட்டார்கள், பிழைத்தான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் இழுத்து வைக்க மட்டுமே வழி இருந்திருக்கிறது. 1922-இல் வந்த மருந்து, 1960 வாக்கில்கூட என் மாமா வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. தாம்சன் அதற்கப்புறம் 13 வருடம் வாழ்ந்தான் என்று படித்ததும் எட்டும் பதிமூன்றும் இருபத்தொன்று என்று என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கை மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அது நூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு, இந்த நோயோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஜோஸ்லின் மையத்தில் பதக்கமே கொடுக்கிறார்கள், தெரியுமா என்றார். அந்தப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைக் கடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் வந்தது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. "கடலை மிட்டாய் நெறையக் குடுத்தீங்களோ?" என்றார்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஊர், அந்த ஊர்ப் பிள்ளை கடலை மிட்டாய் சாப்பிடாமலா வளரும்? மிட்டாய் தின்று இந்த நோய் வருவதில்லை. பெற்றவர்கள் செய்த எதனாலும் வருவதில்லை. "உங்க பக்கத்துல யாருக்கு இருக்கு?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள். "பொம்பளப் பிள்ளை, வெளியில சொல்லிராதீங்க" என்றார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அப்போதே கவலைப்பட்டார்கள். வெளியில் சொல்லாவிட்டால், பள்ளிக்கூடத்தில் அவள் மயங்கி விழும்போது யாருக்கு என்ன செய்யத் தெரியும்? நான் எல்லோரிடமும் சொன்னேன். வேன் டிரைவர் அண்ணனிடமும் சொன்னேன், அவர் டேஷ்போர்டில் இப்போதும் ஒரு குளுக்கோஸ் பொடி டப்பா இருக்கிறது.

முதல் ஊசி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார், என் தொடையில் நானே வெறும் ஊசியைக் குத்திப் பழகியிருந்தேன், நாலு மில்லிமீட்டர் ஊசிதான், எறும்புக் கடி அளவுகூட வலிக்காது. ஆனாலும் வீட்டில், நடுக்கூடத்தில், அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. மருந்து போன பிறகும், பேனா மாதிரி இருக்கிற அந்த இன்சுலின் ஊசியை எடுக்காமல் பத்து எண்ண வேண்டும். "நான் எண்ணுதேன்ப்பா, நீங்க புடிங்க" என்றாள். ஏழு வரும்போது எனக்குக் கண் மறைத்தது. அவள் நிதானமாகப் பத்து வரை போய், "எடுங்க" என்றாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. பேனா மருந்து கிடைக்காத ஒரு வாரம் குப்பி வாங்கினோம், கடையில் அவசரத்தில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். பத்து என்று கோடு பார்த்து இழுத்தால் போனது நாலு யூனிட். இரண்டு நாள் சர்க்கரை 380-க்குக் கீழே இறங்கவே இல்லை, எங்கே தவறு என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். மாற்றி, 100 குப்பியைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு போயிருக்கும். கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது மூடியின் நிறத்தையும் குப்பியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் மருந்தின் அளவு குறைய ஆரம்பித்தது. நாளைக்கு 16 யூனிட் போட்டது ஆறுக்கு வந்தது. மிச்சம் இருக்கிற செல்கள் கொஞ்ச நாள் தலை தூக்கும், டாக்டர்கள் இதை ஹனிமூன் என்கிறார்கள், நம்பிவிடாதீர்கள் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள். நான் நம்பினேன். குணமாகிறாள் என்றே நம்பினேன். ஒரு சொந்தக்காரர் சொன்னார் என்று ஒருநாள் வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போய், 3,500 ரூபாய் கொடுத்து ஒரு பொடி வாங்கி வந்தேன். ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும், ஊசியை நிறுத்திவிட வேண்டும். பீரோவில் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என் மனைவி அதை எடுத்துக் கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "கயத்தாறு தாண்டும்போது மூச்சை எண்ணிக்கிட்டு வந்தீங்கள்ல. இன்னொரு தடவை எண்ணணுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் 16 யூனிட்டும் திரும்பி வந்தது, இப்போது 22.

சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் ராத்திரியில் பயம். ஒருநாள் மூன்று மணிக்குத் தற்செயலாக விழித்துத் தொட்டுப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது, வேர்வை. 48. உட்கார வைத்தோம், கண் சொருகினாலும் விழுங்கினாள். அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. பதினைந்து நிமிடம் கழித்து 71. அந்தப் பதினைந்து நிமிடம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. விழுங்க முடியாமல் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அதற்குச் சர்க்கரையை ஏற்றுகிற குளுகாகான் ஊசி இருக்கிறது. கடலை மிட்டாயும் அந்த நேரத்துக்கு ஆகாது, கடலையின் எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்திவிடும். மற்ற நேரத்தில் அளவு பார்த்து, அதற்குத் தக்க இன்சுலின் போட்டுக்கொண்டு, அவள் இப்போதும் கடலை மிட்டாய் சாப்பிடுகிறாள்.

லீவுக்கு ஆச்சி வீட்டுக்கும் போகிறாள். அங்கே ஃபிரிட்ஜ் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி, ஈரமணலில் ஒரு மண்பானையை வைத்து அதற்குள் டப்பாவில் இன்சுலினை வைக்கிறாள் அம்மா. மணலுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் தெளிக்கிறாள், யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பானையைச் சுற்றி எறும்பு வராமல் மஞ்சள் தூள் போட்டு வைத்திருக்கிறாள்.

போன நவம்பர் 14, பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினம். அதே நாள்தான் இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங் பிறந்த நாளும், உலக நீரிழிவு நாளும். அவரும் கூட இருந்த இரண்டு பேரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். "ஒரு டாலர்னா எவ்வளவுப்பா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம மீட்டர்ல வைக்கிற ஸ்ட்ரிப் நாலு வாங்கலாம்" என்றாள்.

அந்த 48-க்குப் பிறகு எனக்கு மூன்று மணிக்கு அலாரம். இப்போதெல்லாம் அடிப்பதற்கு முன்னாலேயே விழித்துவிடுகிறேன். விளக்குப் போடாமல், போன் வெளிச்சத்தில் பக்கத்தில் போய் உட்காருவேன். முதலில் எல்லாம் கையைப் பிடித்தால் தூக்கத்திலேயே இழுத்துக்கொள்வாள், சிணுங்குவாள். இப்போது நான் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலேயே ஒரு விரலை மட்டும் நீட்டுகிறாள். நேற்றுக் குத்திய விரலை மடக்கிக்கொண்டு இன்றைக்கான விரலை நீட்டுகிறாள். நேற்று இடது மோதிர விரல், 134. நோட்டில் எழுதிவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.